காயத்தை எந்த மொழியில் அளப்பது?

எலும்பு முறிந்தவரின் துயரத்தை நீதிமன்றத்தில் நிறுவுவது ஒப்பளவில் எளிது. எக்ஸ்ரே படத்தைக் காட்டினால் போதும். தலையில் அடிபட்டவருக்கு அந்த வசதி பல வேளைகளில் வாய்ப்பதில்லை. மருத்துவம் ‘லேசான மூளைக்காயம்’ என்று வகைப்படுத்தும் காயங்களில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. காயம்பட்டவர் நடக்கிறார், பேசுகிறார், வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சலடைகிறார். ஒரு பக்கம் படித்ததும் தலை கனக்கிறது என்று புத்தகத்தை மூடிவிடுகிறார். மனைவிக்கு இது தெரிகிறது; உடன் வேலை செய்பவருக்குத் தெரிகிறது; படத்தில் தெரிவதில்லை.

அதனால் இத்தகைய காயத்துக்கு இழப்பீடு கோரும் வழக்குகளில் நரம்புளவியல் சோதனைகளின் மதிப்பெண்கள் முதன்மையான சான்றாகிவிடுகின்றன. நினைவாற்றல், கவனம், சொல்வளம், சிந்தனை வேகம் ஆகியவற்றைத் தாளும் பென்சிலும் படங்களும் கொண்டு அளந்து, எண்களாக மாற்றி, நிபுணர் ஒருவர் சாட்சியமளிக்கிறார். அமெரிக்க வழக்குகளில் இந்த அளத்தல் பெரும்பாலும் இருமுறை நடக்கிறது. முதலில் காயம்பட்டவரின் தரப்பு அமர்த்திய நிபுணர் சோதிக்கிறார். பின்னர் எதிர்த்தரப்பு, அதாவது பெரும்பாலும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், தம் செலவில் தாம் தேர்ந்த நிபுணரிடம் அவரை மீண்டும் சோதிக்கக் கோருகிறார்.

இந்த இரண்டாவது சோதனைக்கு வழங்கும் பெயரிலேயே வழக்கு தொடங்கிவிடுகிறது. எதிர்த்தரப்பு அதனைச் ‘சுயேச்சையான மருத்துவப் பரிசோதனை’ என்கிறது. காயம்பட்டவரின் வழக்கறிஞரோ அதனை ‘எதிர்த்தரப்புப் பரிசோதனை’ என்றே அழைப்பார். நடுவர்குழுவின் முன் ‘சுயேச்சை’ என்ற சொல் உச்சரிக்கப்படுவதையே எதிர்ப்பார். ஒரு தரப்பு தேர்ந்து, ஒரு தரப்பு ஊதியம் தருகிற சோதனை எவ்வாறு சுயேச்சையானது என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானதே. முதல் நிபுணரும் ஒரு தரப்பின் ஊதியம் பெற்றவர்தான் என்ற மறுமொழியும் நியாயமானதே.

தம்மீது வழக்குத் தொடுத்தவரின் உடலையோ மனத்தையோ சோதிக்க எதிர்த்தரப்புக்கு உரிமை எங்கிருந்து வந்தது? கூட்டாட்சி நீதிமன்றங்களில் அது 1938இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விசாரணை விதிகளின் 35ஆம் விதியிலிருந்து வருகிறது. மாநிலங்களுக்குத் தத்தம் விதிகள் உண்டு. அவ்விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1941இல் தீர்ப்பளித்தபோது நீதிபதிகள் ஐவருக்கு நால்வர் என்று பிரிந்து நின்றனர். 1964இல் அதே நீதிமன்றம் அவ்விதிக்குக் கடிவாளம் இட்டது. சோதிக்கப்படவேண்டிய நிலை உண்மையிலேயே வழக்கின் சர்ச்சைப் பொருளாக இருக்கவேண்டும். சோதனைக்கு நற்காரணம் காட்டப்படவேண்டும். இவ்விரண்டும் வெறும் சம்பிரதாயச் சொற்கள் அல்ல என்றது. மேலும், ஆணையில் நேரம், இடம், முறை, நிபந்தனைகள், எல்லை, சோதிப்பவர் யார் என்பன குறிப்பிடப்படவேண்டும் என்று விதி கூறுகிறது. வழக்கறிஞரின் உழைப்பு பெரிதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் நடக்கிறது. எத்தனை மணி நேரம், எந்தெந்தச் சோதனைகள், எந்த மொழியில் என்பனவற்றை முன்கூட்டியே எழுத்தில் பெறாதவர் பிறகு முறையிடுவதில் பயன் குறைவு.

இங்கே ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கற்பனையானவர்தாம், ஆனால் இவரைப் போன்றோர் அரியவர் அல்லர். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பிறகு ஆங்கிலவழியில் டிப்ளமோ முடித்தவர். பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். போக்குவரத்து விளக்கில் நின்றிருந்த அவருடைய காரைப் பின்னிருந்து ஒரு லாரி மோதியது. சில மாதங்களுக்குப் பிறகும் அவரால் பழைய வேகத்தில் சரக்குப் பட்டியலைச் சரிபார்க்க முடியவில்லை. வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பின் நிபுணரிடம் ஒரு நாள் வரச்சொல்லி அறிவிப்பு வந்தது.

அந்த ஒரு நாள் எளிதான நாளன்று. நேர்காணலும் சோதனைகளுமாக ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆவது வழக்கம். எதிரே அமர்ந்திருப்பவர் பண்பானவராகவும் கேட்கும் பொறுமையுள்ளவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் சிகிச்சை தருபவர் அல்லர். அவரிடம் சொல்வதற்கு மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான இரகசியக் காப்பு கிடையாது. சொன்னது அனைத்தும் அறிக்கையில் ஏறக்கூடும். நம் ஊர்ப் பழக்கத்தில் மருத்துவரிடம், “பரவாயில்லைங்க, இப்போ கொஞ்சம் தேவலை” என்று மரியாதைக்குச் சொல்லும் வாக்கியம், “நோயாளி தாமே முன்னேற்றத்தை ஒப்புக்கொண்டார்” என்று அறிக்கையில் மாறி வரலாம். குறையைப் பெரிதாகச் சொல்லக் கூச்சப்படுவது ஒரு பண்பாட்டில் நாகரிகம். வழக்கு அறையில் அது வாக்குமூலம்.

எதிர்த்தரப்பின் வாதம் பெரும்பாலும் இரண்டு தூண்கள்மீது நிற்கும். முதலாவது, லேசான மூளைக்காயம் பட்டவர்களில் பெரும்பான்மையோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தேறிவிடுகின்றனர் என்ற மருத்துவ உண்மை. அது மெய்யே. தேறாத சிறுபான்மையினர் உள்ளனர் என்பதும் மெய்யே. தம்முன் அமர்ந்திருப்பவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதுதான் வழக்கு. இரண்டாவது தூண், அவர் முழு முயற்சியோடு விடையளித்தாரா என்பது. அதை அறிவதற்கென்றே தனிச் சோதனைகள் உண்டு.

இச்சோதனைகளின் தருக்கத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒரு வகையில், முன்பு காட்டிய படம் எது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எதுவுமே நினைவில்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏறத்தாழப் பாதி சரியாக இருக்கும். ஐம்பது வினாக்களில் பதினெட்டோ அதற்குக் குறைவோ சரியாவது, குருட்டாம்போக்கில் விடை சொல்பவர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்குத்தான் நேரும். அதற்கும் மிகக் கீழே சென்றால், சரியான விடை தெரிந்தே தவிர்த்திருக்கிறார் என்று கருத வலுவான இடமுண்டு. இந்தத் தருக்கம் எந்த மொழியினருக்கும் எந்த நாட்டினருக்கும் பொருந்தும். அதற்கு வேறொருவரோடு ஒப்பீடு தேவையில்லை.

ஆனால் நடைமுறையில் அத்தனை கீழே செல்வோர் சிலரே. பெரும்பாலான முடிவுகள் வேறொரு தருக்கத்தில் எட்டப்படுகின்றன. கடுமையான மூளைக்காயம் பட்டவர்கள்கூட இத்தனை மதிப்பெண் பெறுகின்றனர். இவர் அதற்கும் குறைவாகப் பெற்றிருக்கிறார். ஆகவே இவர் முயலவில்லை. இங்கே ஒப்பீடு நுழைந்துவிடுகிறது. யாரோடு ஒப்பிட்டு அந்த எல்லை வகுக்கப்பட்டது, அவர்கள் எம்மொழியினர், எத்தனை ஆண்டு படித்தவர்கள் என்ற கேள்விகளும் உடன் நுழைகின்றன.

எண்ணிக்கையும் ஒரு சிக்கல். ஒவ்வொரு முயற்சிச் சோதனையும் நேர்மையானவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாகச் சந்தேகிப்பதாகக் கொள்வோம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத அத்தகைய சோதனைகள் ஆறு வைத்தால், நேர்மையான ஒருவர் ஏதேனும் ஒன்றிலாவது தவறும் வாய்ப்பு 47 விழுக்காடு ஆகிறது. உண்மையில் சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆகையால் அந்த எண் குறையும். ஆயினும் அது பத்தாக நிற்காது. “ஒன்றில் தவறினார்” என்ற வாக்கியத்துக்கு, எத்தனையில் தேறினார் என்பது தெரியாதவரை பொருள் இல்லை.

இதனால் முயற்சிச் சோதனைகளே வேண்டாம் என்று ஆகிவிடாது. பணம் சார்ந்த வழக்கில் மிகைப்படுத்துவோர் இருக்கிறார்கள். அமெரிக்க நரம்புளவியலாளர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஒரு கருத்தாய்வில், லேசான தலைக்காய வழக்குகளில் 39 விழுக்காட்டில் பாசாங்கோ மிகைப்படுத்தலோ இருக்கக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அது நேரடியாக எண்ணிய கணக்கன்று, நிபுணர்களின் மதிப்பீடு; ஆயினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. அத்துறையின் மருத்துவச் சங்கம் 2009இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த ஒருமித்த அறிக்கை, இச்சோதனைகள் தேவையானவை என்றே கூறுகிறது. நேர்மையாகக் காயம்பட்டவருக்கும் அவை துணைதான். அவற்றில் தேறியவரை நோக்கிப் பொய்யர் என்று சொல்வது கடினம்.

மொழி பற்றிய கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது.

எண்களை வினாடிக்கு ஒன்றாகச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவைப்பது மிகப் பழைய நினைவுச் சோதனை. நீளம் கூடிக்கொண்டே போகும். பிறகு பின்னிருந்து முன்னாகச் சொல்லவேண்டும். வெறும் எண்கள்தானே, இதில் மொழி எங்கே வந்தது என்று தோன்றும். 1980இல் எல்லிஸ், ஹென்னெலி என்ற இரு ஆய்வாளர்கள் வேல்ஸ் நாட்டில் இதற்கு விடை கண்டனர். வேல்ஷ் மொழி பேசும் குழந்தைகள் இச்சோதனையில் ஆங்கிலக் குழந்தைகளைவிடக் குறைவாகப் பெற்றுவந்தனர். குறை குழந்தைகளிடம் இல்லை. வேல்ஷ் எண்ணுப்பெயர்களைச் சொல்ல ஆங்கில எண்ணுப்பெயர்களைவிட அதிக நேரம் பிடிக்கிறது. ஏறத்தாழ இரண்டு வினாடிகளில் சொல்லி முடிக்கக்கூடிய அளவே உடனடி நினைவில் தங்குகிறது என்று 1975இல் பேட்லியும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருந்தனர். சொல் நீண்டால் எண்ணிக்கை குறையும்.

தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஏழைக் குறிக்கும் சொல்லைத் தவிர மற்றவை ஓரசைச் சொற்கள். தமிழில் அந்த ஒன்பதில் ஒன்றுகூட ஓரசையாக இல்லை. இங்கே அசை என்பது யாப்பு வழக்கில் அன்று, ஒலியியல் வழக்கில். ‘மூன்று’, ‘நான்கு’, ‘எட்டு’ இரண்டு அசைகள். ‘இரண்டு’, ‘ஒன்பது’ மூன்று. பேச்சில் ‘ரெண்டு’ என்றால் ஓரசை குறைகிறது. அதாவது, மொழிபெயர்ப்பாளர் ஏட்டுத் தமிழில் ‘இரண்டு’ என்கிறாரா, பேச்சுத் தமிழில் ‘ரெண்டு’ என்கிறாரா என்பதைப் பொறுத்தே சோதனையின் கடினம் சிறிது மாறுகிறது. ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பல்லாண்டு ஆங்கிலத்தில் வேலை செய்தவர்களிலும் மனத்துக்குள் தமிழில் எண்ணுபவர் உண்டு.

இந்த எண் சோதனை நினைவை அளப்பதோடு நிற்பதில்லை. இதிலிருந்தே முயற்சியையும் கணிக்கலாம் என்று 1994இல் ஒரு முறை முன்வைக்கப்பட்டது. இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பிழையின்றித் திருப்பிச் சொன்ன எண்தொடர்களின் நீளத்தைக் கூட்டி, ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் முயற்சி ஐயத்துக்குரியது என்று கொள்வார்கள். அந்த எல்லை எது என்பது பொதுவெளியில் எழுதப்படவேண்டியதன்று. ஆனால் அது ஆங்கிலம் பேசுவோரிடம் பிறந்தது என்பது சொல்லப்படவேண்டியது. கிடங்கு மேற்பார்வையாளர் மனத்துக்குள், “நாலு, ஒம்பது, ரெண்டு” என்று ஓட்டிப் பார்த்து, அதை ஆங்கிலமாக்கிச் சொல்வதற்குள் ஒன்றைத் தவறவிட்டால், அறிக்கையில் அது மொழியின் சுமை என்று எழுதப்படாது. ‘முயற்சிக் குறைவு’ என்று எழுதப்படக்கூடும். மருத்துவச் சொல்லாகத் தோன்றும் அதனை நடுவர்குழு ‘பொய்’ என்றே கேட்கும்.

மற்றச் சோதனைகளிலும் இதே கதை வேறு உருவில் வருகிறது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனைகளில் புகழ்பெற்றது 1983இல் வெளியான பாஸ்டன் தொகுப்பு. அதன் அறுபது கோட்டோவியங்களில் சில, வட அமெரிக்க வாழ்வில் வளர்ந்தவருக்கே எளிதில் பெயர் வருகிற பொருள்கள். குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கும் சோதனையைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் முதல் அடியிலேயே இடறுகிறது. ‘க’ என்று சொன்னால் காகமும் கிளியும் கோயிலும் சேருமா, கடலும் கல்லும் மட்டுமா? தமிழ் எழுத்துமுறையில் ‘க’ வேறு, ‘கா’ வேறு. ஒலியைக் கேட்கிறோமா, எழுத்தைக் கேட்கிறோமா? ஒரே சொல்லின் வேறு ஈறுகளை எண்ணக்கூடாது என்பது அச்சோதனையின் வழக்கமான விதி. வினைச்சொல் ஒன்றே எண்ணற்ற வடிவங்களில் விரியும் மொழியில் அவ்விதியின் எல்லை எது? கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் பொருள் அலகுகளுக்கு மதிப்பெண் உண்டு. ‘விற்றுக்கொண்டிருந்தவளிடமிருந்து’ என்ற ஒரே சொல்லில் எத்தனை அலகுகள் என்பதை யார் முடிவு செய்வது? சோதனையை மொழிபெயர்த்துவிட்டோம் என்ற நிம்மதி, இக்கேள்விகளுக்கு விடை எழுதப்படும் வரை போலி நிம்மதிதான்.

‘யாரோடு ஒப்பிடுவது’ என்ற கேள்வி எத்தனை பெரிய அநீதியை உள்ளடக்கக்கூடும் என்பதற்கு, மொழியோடு தொடர்பில்லாத ஒரு சான்று அமெரிக்கக் கால்பந்து. ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளால் நேரக்கூடிய மூளை பாதிப்பு தொடர்பாக ஏறத்தாழ 20,000 ஓய்வுபெற்ற வீரர்களுக்காகத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2013இல் ஒரு சமரசத்துக்கு வந்தது; 2015இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அறிதிறன் வீழ்ச்சிக்கான இழப்பீடு பெற நரம்புளவியல் சோதனையில் உரிய வீழ்ச்சி தெரியவேண்டும். மதிப்பெண்களைக் கணிக்கையில் இனவாரியான ஒப்பீட்டு அட்டவணைகளும் பயன்பட்டன. கறுப்பின வீரர்களின் தொடக்கத் திறன் சராசரியாகக் குறைவு என்று கொள்ளும் அட்டவணையில், அதே மூல மதிப்பெண் குறைந்த வீழ்ச்சியாகத் தெரியும். வெள்ளையர் என்று கொண்டால் இழப்பீட்டுக்குத் தகுதி. கறுப்பர் என்று கொண்டால் தகுதியில்லை. 2020இல் முன்னாள் வீரர் இருவர் இதை எதிர்த்து வழக்காடினர். 2021இல் கூட்டமைப்பு அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் நீதிபதி திருத்தத்தை ஏற்றார்.

அங்கே ஒப்பீட்டு அட்டவணை உண்மையான காயத்தை மறைத்தது. தமிழ் பேசுபவரிடம் பொருந்தாத அட்டவணை இரு பக்கமும் வெட்டும். காயமே இல்லாதவரைக் காயம்பட்டவராகக் காட்டலாம். காயம்பட்டவரைப் பாசாங்குக்காரராகவும் காட்டலாம். முதலாவது வாதிக்கு ஆதாயம் என்று மகிழ்வதற்கும் இடமில்லை. குறுக்கு விசாரணையில் அது கண்டுபிடிக்கப்படும் நாளில், உண்மையான குறைகளும் சேர்ந்து நம்பிக்கை இழக்கும்.

அறைக்குள் நடப்பதற்குச் சாட்சி யார் என்பது இவ்வழக்குகளின் நெடுநாள் சண்டை. வாதியின் வழக்கறிஞர், ஒரு பார்வையாளர் உடனிருக்கவேண்டும், அல்லது ஒலிப்பதிவாவது வேண்டும் என்பார். நரம்புளவியலாளர்களின் சங்கங்கள் 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளில் பார்வையாளரை எதிர்த்தன. சோதனைகள் தரப்படுத்தப்பட்டபோது அறையில் மூன்றாமவர் இல்லை. ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மதிப்பெண் மாறும். வினாக்கள் வெளியே கசிந்தால் சோதனை பயனற்றுப்போகும் என்பன அவர்களின் காரணங்கள். மூன்றும் பொருளுள்ளவை. ஆனால் தரப்படுத்தப்பட்டபோது மொழிபெயர்ப்பாளரும் அறையில் இல்லை. எதிரே இருப்பவர் தம்மை மறுக்க ஊதியம் பெற்றவர் என்ற அறிவும் அன்று சோதிக்கப்பட்டவருக்கு இல்லை.

கலிபோர்னியாவில் மனநிலைப் பரிசோதனையை ஒலிப்பதிவு செய்யும் உரிமையைச் சட்டமே தருகிறது. நியூ ஜெர்சியில் உச்ச நீதிமன்றம் 2023இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டது. அறிதிறன் குறைபாடு, உளப் பாதிப்பு, மொழித் தடை ஆகியவற்றை உடைய வாதிகளைப் பற்றியது அக்கேள்வி. பதிவுக்கும் நடுநிலைப் பார்வையாளருக்கும் முழுத் தடையும் இல்லை, கட்டற்ற உரிமையும் இல்லை. ஒவ்வொரு வழக்காக நீதிமன்றம் முடிவு செய்யும் என்றது. ஆனால் வாதி முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அதை வேண்டாம் என்று தடையாணை கோரும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது. சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், மேற்பார்வையாளரைப் போன்றவருக்கு அது பெரிது. எண்கள் எந்த வேகத்தில் வாசிக்கப்பட்டன, மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னார், அவர் எத்தனை முறை “புரியவில்லை” என்றார் என்பவை பதிவில் மட்டுமே மிஞ்சும்.

பதிவுக்கு இணையானது மூலத் தரவு. அறிக்கை என்பது நிபுணரின் முடிவு, விடைத்தாள்களே சான்று. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்கநெறி, சோதிக்கப்பட்டவரின் விடைகளையும் மதிப்பெண்களையும் ஒரு வகையாகவும், வினாத்தொகுப்பையும் கையேட்டையும் வேறு வகையாகவும் பிரிக்கிறது. முன்னதை அவருடைய இசைவின்பேரில் தரலாம். பின்னதன் இரகசியத்தைக் காக்கவேண்டும். எனவே, “எல்லாம் இரகசியம்” என்ற மறுமொழியை அப்படியே ஏற்கத் தேவையில்லை. குறைந்த அளவு, தம் தரப்பு நிபுணருக்கு மூலத் தரவு நேரடியாக அனுப்பப்படவேண்டும் என்று கோரலாம். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். 35ஆம் விதியின்கீழ் எதிர்த்தரப்பின் அறிக்கையைக் கேட்டுப் பெறுபவர், அதே நிலை பற்றிய தம் பரிசோதனை அறிக்கைகளைத் தரவும் கடமைப்படுகிறார். அவற்றுக்கு இருந்த இரகசியப் பாதுகாப்பையும் இழக்கிறார்.

இவ்வளவையும் அறிந்த வழக்கறிஞர் செய்யக்கூடாத ஒன்று உண்டு: சோதனைகளைச் சொல்லிக்கொடுப்பது. அது ஒழுக்கக்கேடு, அதோடு, உண்மையாகக் காயம்பட்டவரையே அது கெடுக்கும். எந்தச் சோதனை எதைப் பிடிக்கும் என்று அறிந்து விடையளிப்பவரின் மதிப்பெண்கள் இயல்பான ஒழுங்கை இழந்துவிடும். அவருக்குச் சொல்லவேண்டியவை எளியவை. முதல் நாள் நன்கு உறங்கவேண்டும். கண்ணாடியையும் செவித்துணைக் கருவியையும் மறக்கக்கூடாது. மருந்துகளை மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளவேண்டும். எளிதாகத் தோன்றும் வினாவிலும் முழு முயற்சி செய்யவேண்டும். களைத்தால் களைப்பைச் சொல்லி ஓய்வு கேட்கவேண்டும். பழைய விபத்தையோ மனச்சோர்வையோ மறைக்கக்கூடாது. நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு என்றால் இரண்டையும் சொல்லவேண்டும். வாசலில் காத்திருக்கும் மனைவியோ மகனோ உள்ளே சென்ற நேரம், இடைவேளைகள், வெளியே வந்தபோது இருந்த நிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கலாம்.

மொழியைப் பற்றிய குறிப்பு வழக்கின் தொடக்கத்திலேயே கோப்பில் இருக்கவேண்டும். எந்த வகுப்பு வரை எந்த மொழியில் படித்தார், வேலையில் எந்த மொழி, வீட்டில் எந்த மொழி, கணக்குப் போடுவது எந்த மொழியில் என்பவை நான்கு வரிகள்தாம். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் தொழில்முறையாளரையே கோரவேண்டும். உறவினர் பாசத்தால் குறிப்புக் கொடுத்துவிடுவார். அல்லது வெட்கத்தால் விடையைத் திருத்திவிடுவார். இரண்டும் சோதனையைக் கெடுக்கும்.

எதிர்த்தரப்பு நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறும்போதும் கேள்விகள் இவற்றைச் சுற்றியே அமையும். எந்த அட்டவணையோடு ஒப்பிட்டீர்கள்? அதில் தமிழ் பேசுவோர் இருந்தார்களா? எத்தனை முயற்சிச் சோதனைகள் வைத்தீர்கள், எத்தனையில் தேறினார், அறிக்கையில் எவற்றை எழுதினீர்கள்? முதல் நிபுணர் இதே சோதனைகளை எத்தனை மாதங்களுக்கு முன் செய்தார்? கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரே சோதனையை மறுமுறை செய்பவர் பழக்கத்தாலேயே கூடுதலாகப் பெறுவார். எதிர்த்தரப்பின் சோதனை பெரும்பாலும் இரண்டாவதாக வருவதால், அந்தக் கூடுதல் குணமடைந்ததன் அடையாளமாகக் காட்டப்படலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் பேச்சு பெரும்பாலும் ஊனத்தின் விழுக்காட்டைச் சுற்றியே நடக்கிறது. உடலின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது. இடக்கை இழந்த ஓட்டுநரும் அதே கையை இழந்த எழுத்தரும் ஒரே அளவு இழப்பதில்லை. ஆயத்தமாக நீட்டப்படும் சான்றிதழ்களை அப்படியே ஏற்கக்கூடாது என்றது. சிறுவயதில் விபத்தில் மூளைக்காயம் அடைந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2020இல் அதே நீதிமன்றம் சண்டிகரில் செய்யப்பட்ட மதிப்பீட்டைக் கொண்டு, அவருடைய சமூக வயது ஒன்பது மாதக் குழந்தையினுடையது என்பதைக் கணக்கிலெடுத்து, இழப்பீட்டை 62.27 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. அங்கே காயம் எவர் கண்ணுக்கும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத காயத்தோடு வேலைக்குத் திரும்பி, இரண்டு மாதத்தில் வேலையிழந்து நிற்பவருக்கு அறிதிறன் சோதனை செய்யவேண்டும் என்ற எண்ணமே பல வேளைகளில் எழுவதில்லை.

எழும்போது, எந்த அட்டவணையோடு ஒப்பிடுவது என்ற கேள்வி இங்கும் காத்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இத்திசையில் முக்கியமான அடி. ஆனால் தமிழுக்குள்ளேயே நகரத்து ஆங்கிலவழிப் பட்டதாரியும், எட்டாம் வகுப்போடு நின்ற கட்டடத் தொழிலாளியும், அறுபது வயதில் கையொப்பம் மட்டும் இடத்தெரிந்த விவசாயியும் உள்ளனர். இம்மூவரையும் ஒரே அட்டவணையில் வைத்து அளப்பது அளவையாகாது. எண்ணுப்பெயர்களை எந்த வடிவில் வாசிப்பது, ‘க’ என்றால் எது, ஒரு சொல்லில் எத்தனை பொருள் அலகு என்பவற்றை வரையறுத்து, காயம்படாத தமிழர்களிடம் சோதித்துப் பார்த்து எழுதிவைக்கும் வேலை மருத்துவர்களால் மட்டும் ஆவதன்று. மொழியியல் துறைகளும் அதில் இறங்கவேண்டும். அது முடியும்வரை, தமிழ் பேசும் ஒருவரின் அறிக்கையில் ‘முயற்சிக் குறைவு’ என்ற சொல்லைக் காணும் எவரும், வழக்கறிஞரோ நீதிபதியோ குடும்பத்தாரோ, முதலில் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: அவரிடம் எண்களை எந்த மொழியில் சொன்னார்கள், அவர் அவற்றை மனத்துக்குள் எந்த மொழியில் எண்ணினார்?